பதினாறு குழாய் வைத்த பம்பு உண்டா?

பிதியா, மணல் ஓரம்
ஞாயிற்றுக்கிழமை

மஸ்கட்டில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் என் தம்பி மகன் ஹுமைதுக்கு, பெரியப்பா சுவைலிம் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உனக்கும் உன் வீட்டாருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் தரட்டும். இங்கே நான், உன் பெரியம்மா மோஸா, உன் அண்ணன் கல்ஃபான், ஒட்டகங்கள் பதினொன்று, எல்லோரும் நலம். சேதி ஒன்றும் இல்லை. எல்லாம் நல்லபடி.

முறைக்காக அப்படி எழுதினேன். உண்மையில் மூன்று நாளாகத் தலை சுற்றிப்போய்க் கிடக்கிறேன். வருகிற வியாழக்கிழமை நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் எங்கள் நாலு வண்டியும், எல்லா டயரிலும் சரியான காற்றோடு, மர்ஹூன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவர் மகள் ஷம்ஸா கல்ஃபானுக்குக் கிடைக்க மாட்டாள். அதற்கு எந்தப் பம்பு, எந்தக் குழாய் வாங்குவது என்று நீதான் சொல்ல வேண்டும். காற்றுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். எனக்கும் அதே கேள்விதான்.

போன வியாழக்கிழமை பெண் கேட்கப் புறப்பட்டோம். என் வண்டியைக் கல்ஃபான் ஓட்டினான். பின்னால் எண்பது வயது ஜும்ஆ மாமாவின் வண்டி, அதற்கும் பின்னால் உன் பெரியம்மாவின் தம்பிமார் மத்தரும் ராஷிதும் ஆளுக்கொரு வண்டி. மணலில் புதையாமல் இருக்க டயர் காற்றைப் பதினைந்துக்கு இறக்கியிருந்தோம். பத்து மணிக்குத் தார் ரோட்டு முனைக்கு வந்தாயிற்று, இனி முப்பத்தைந்துக்கு ஏற்ற வேண்டும். காற்றடிக்கும் கடை அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் மர்ஹூன் வீட்டைத் தாண்டித்தான். பம்பு ஜும்ஆ மாமாவிடம் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன், என்னிடம் இருக்கும் என்று அவர். கடைசியில் ராஷித் வண்டியில் ஆட்டுத் தீவன மூட்டைக்கு அடியில் ஒரு பழைய பம்பு கிடைத்தது. அதை என்ஜினில் மாட்டி ஓடவும் விட்டோம். அங்கேதான் ஆரம்பித்தது.

“மாமா, முதல்ல உங்க வண்டி” என்றேன்.

“வல்லாஹி, மாட்டேன். பையனைப் பெத்தவன் நீ. உன் வண்டிதான் முதல்ல.”

“பெரியவங்க நீங்க நிக்கும்போது நான் அடிச்சுக்கிட்டா ஊரு என்ன சொல்லும்? வல்லாஹி, உங்களுதுதான்.”

“போச்சு. ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிட்டீங்க” என்றான் மத்தர். “இனி எந்த வண்டிக்கு அடிச்சாலும் உங்கள்ல ஒருத்தர் சத்தியம் முறிஞ்சதுக்கு மூணு நாள் நோன்பு வைக்கணும்.”

அப்படியானால் மத்தர் வண்டிக்கு அடிப்போம் என்றால் அவனும் சத்தியம் பண்ணிவிட்டான். இத்தனை நேரமும் பம்பு சும்மா வானத்தைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம். ஒருவழியாக ஜும்ஆ மாமா தீர்ப்புச் சொன்னார்: “வண்டிக்கு ஒரு டயர். சுத்தி சுத்தி வருவோம். யாரும் முதல் இல்ல, யாரும் கடைசியும் இல்ல.” எல்லோரும் அவர் நெற்றியில் முத்தமிட்டோம். அந்த முதல் டயர் யாருடையது என்பதற்கு இன்னொரு பத்து நிமிடம் போனது. பிறகு விருந்தாளிகளுக்குக் கஹ்வா காப்பி ஊற்றுகிற மாதிரி வலது பக்கத்திலிருந்து தொடங்கினோம். நாலு வண்டிக்கும் முன் வலது டயர் ஆயிற்று. அதோடு பம்பு புகைந்தது, சுருள் குழாய் கழுத்தருகே எலுமிச்சம்பழம் அளவுக்கு உப்பி வெடித்தது.

இப்போது வண்டிக்கு ஒரு டயர் கல்லு, மூன்று டயர் களி. தாரில் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் டயர் கழன்றுவிடும். ஆபத்து விளக்கைப் போட்டுக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக உருட்டினோம். நாலு வண்டி, எல்லாவற்றிலும் விளக்கு மினுக்கிக்கொண்டு, வெள்ளை உடுப்பும் தலைப்பாகையும் கட்டிய ஆட்கள், ஆமை வேகம். பார்ப்பவனுக்கு அது என்ன? கல்யாண ஊர்வலம்! பின்னால் வந்தவன் ஒருவனும் எங்களைத் தாண்டவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டு வரிசையில் சேர்ந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். ஊருக்குள் நுழையும்போது எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது வண்டி. அதில் பத்துப் பேரிடமாவது பம்பு இருந்திருக்கும். இறங்கிக் கேட்டால் மறுபடி ‘முதல்ல நீங்க’ ஆரம்பித்துவிடும் என்ற பயத்தில் எங்களில் ஒருவரும் இறங்கவில்லை.

வாசலில் மர்ஹூன் நின்றார். வீட்டுப் பெண்கள் குலவை போடலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதி போட்டு நிறுத்தினார்கள். அவர் மூக்கோடு மூக்கு வைத்து ஸலாம் சொல்லிவிட்டு, “சேதி என்ன?” என்றார். முறை என்று ஒன்று இருக்கிறதே! “சேதி ஒண்ணும் இல்ல, எல்லாம் நல்லபடி” என்று சொல்லிவிட்டார் ஜும்ஆ மாமா. உள்ளே போய் உட்கார்ந்த பிறகாவது டயர் விஷயத்தைச் சொல்லுங்கள் என்று அவர் காதில் கெஞ்சினேன். “மணல்ல பொறந்தவன், காத்து அடிக்கத் தெரியாம வந்தேன்னு சொல்லவா? செத்தாலும் மாட்டேன்” என்றார். மூத்தவர் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?

சம்மதம் சொல்லும் வரை குடிக்கக் கூடாது என்ற முறைப்படி கஹ்வாவைக் கீழே வைத்துப் பெண்ணைக் கேட்டோம். மர்ஹூன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். அங்கே முன்பின் தெரியாத இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“நான் இன்னும் வாயையே தொறக்கல. அதுக்குள்ள ஊர்வலமா?” என்றார். “பொண்ணக் கேக்க வந்தீங்களா, தூக்கிட்டுப் போக வந்தீங்களா? வர்ற வியாழன் வாங்க. நாலே வண்டி. சத்தமில்லாம, விளக்கில்லாம, லுஹருக்கு முன்னாடி. இல்லேன்னா வரவே வேணாம்.”

இதுதான் நடந்தது மகனே. கல்ஃபான் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இப்படி ஒரு இடம் இன்னொன்று வராது என்று உன் பெரியம்மா அழுகிறாள். நேற்று, நீ எப்போதோ அனுப்பிய உன் கடைச் சாமான் படப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். அதைப் படித்ததும் இருந்த கொஞ்ச அறிவும் போயிற்று. சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகுகிற பம்பு ஒன்று போட்டிருக்கிறாய். அதைச் செருகினால் ஃபியூஸ் போகிறது என்கிறான் ராஷித். பேட்டரியில் கவ்வுகிற பம்பு நல்லது என்கிறாய், ஆனால் சூடானால் தானே நின்றுகொள்ளும் என்றும் எழுதியிருக்கிறாய். எங்களுக்கு உதவி செய்கிற பம்பா, கோபித்துக்கொள்கிற பம்பா? குழாயில் சுருள் குழாய், ரப்பர் குழாய் என்று இரண்டு. சுருள் இழுத்தால் வருகிறது, விட்டால் வால்விலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது. ரப்பர் குழாய், பாம்பு மாதிரி வண்டி முழுக்க இடத்தை அடைக்கிறது. பின் டயருக்கு எட்ட எத்தனை மீட்டர் வேண்டும்? நான் முழம் போட்டு அளந்ததில் ஒரு தடவை ஒன்பது வந்தது, ஒரு தடவை பதினொன்று. வால்வில் திருகுகிற முனையா, கவ்வுகிற முனையா? திருகினால் கழற்றும்போது ஏறின காற்றெல்லாம் புஸ்ஸென்று போகிறது. காற்றை அளக்கிற மானியில் வேறு, வெளி வட்டத்தில் முப்பத்தைந்து, உள் வட்டத்தில் இரண்டரை. எது உண்மை?

நாலு டயருக்கும் ஒரே நேரத்தில் அடிக்கிற நாலு குழாய் பம்பு என்று ஒரு படம் இருந்தது. அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டேன். ஆனால் யோசித்துப் பார், நாலு டயர் சண்டை தீரும், நாலு வண்டி சண்டை தீராது. ஆகவே பதினாறு குழாய் வைத்த பம்பு உண்டா? எல்லோருக்கும் ஒரே மூச்சில் அடித்துவிட்டால் யாரும் சத்தியம் பண்ண நேரமே இருக்காது. இருந்தால் பேரீச்சம்பழ லாரிக்காரனிடம் புதன்கிழமைக்குள் கொடுத்தனுப்பு. இல்லாவிட்டால் எதை வாங்குவது என்றாவது ஒரே வரியில் எழுது. இரண்டு வரி எழுதாதே, குழம்பிவிடுவேன்.

உன் கடை செழிக்கட்டும், உன் பிள்ளைகள் கண் குளிர வளரட்டும், உன் தாயின் முழங்கால் வலி தீரட்டும். பெரியம்மா உன் குடும்பத்துக்கு ஸலாம் சொல்கிறாள்.

உன் பெரியப்பா,
சுவைலிம் பின் ஹமூத்

பி.கு.: உறை ஒட்டும் முன் மர்ஹூன் ஃபோன் பண்ணினார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “சுவைலிம், நான் வேண்டாம்னுதான் இருந்தேன். பொண்ணு அன்னைக்கு மாடியிலேருந்து பாத்திருக்கா. என் மூத்தவன் வேகத்துலதான் போய்ச் சேந்தான், உங்களுக்குத் தெரியும். ‘வாப்பா, இந்த ரோட்டுல இருபதுல வண்டி ஓட்டுற ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன், அந்த வீட்டுக்கே குடுங்க’ன்னு சொல்லிட்டா. வியாழன் வாங்க. அதே மாதிரி மெதுவா வாங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் பாக்கணுமாம்.” நான் டயர் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை, அழுதுவிட்டேன். ஆகவே பம்பு வேண்டாம், குழாய் வேண்டாம், மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. காற்றைச் சட்டென்று இறக்குகிற சாமான் இருக்குமே, அதில் எது நல்லது? நாலு வண்டிக்கும் சேர்த்து அனுப்பு. கல்ஃபான் எத்தனை வேகமாக ஓட்டுகிறவன் என்று உனக்கே தெரியும். நிக்காஹ் ஓதும் வரை அவன் டயரில் காற்றைப் பதினைந்துக்கு மேல் ஏற விடமாட்டேன்; ஓதின பிறகு ஷம்ஸாவே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வாள்.