சர்க்கரை இல்லாத சுற்றுப்பயணம்

இந்தத் தேர்தலில் ஒரு வீடு விடாமல் நடந்தே போய் மக்களைச் சந்திக்கப்போவதாகச் சட்டசபை உறுப்பினர் காலைச் சாப்பாட்டு மேஜையில் முழங்கினார். சாப்பாடு என்று மரியாதைக்குத்தான் சொல்கிறோம். தட்டில் இருந்தவை வேகவைத்த காய்கறிகள். அவற்றின் பக்கத்தில் உப்பு வந்து போன அடையாளமே இல்லை.

முழக்கத்தைக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவருடைய உதவியாளர். உறுப்பினர் எங்கே போனாலும் ஓரடி பின்னால் போவதால் தொகுதி முழுக்க அவருக்கு ‘நிழல்’ என்றே பெயர். நிழல் வழக்கம்போல் கைதட்டினார். இன்னொருவர் உறுப்பினரின் மனைவி. அவள் தட்டவில்லை. எடுக்க வந்த டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

“போன தேர்தல்ல ஜீப்பை விட்டு இறங்க மாட்டேன்னு அடம்பிடிச்சீங்க. முட்டி வலின்னு.”

“அது போன தேர்தல்.”

“முட்டி அதே முட்டிதானே?”

“மக்களுக்காகத் தேயற முட்டி. தேயட்டும்.”

முட்டியைத் தியாகம் செய்ய உறுப்பினர் முன்வந்ததற்குக் காரணம் மக்கள் இல்லை, தேநீர். டாக்டர் அவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் சர்க்கரைக்கு இடமில்லை. டப்பாவோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. காலையில் அவருக்கு வரும் தேநீர், நிறத்தில் மட்டும் தேநீர். சட்டசபையில் எழுந்தால் எதிர்வரிசை நடுங்கும் மனிதர், ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு வழியில்லாமல் சொந்த வீட்டில் உட்கார்ந்திருந்தார். கடைத்தெருவில் குடிக்கலாம் என்றால் அங்கே எல்லோருக்கும் மனைவியைத் தெரியும். மீதி இருப்பது தொகுதிதான். தொகுதி பெரியது. வீட்டுக்கு ஒரு டீ என்றாலும் ஜென்மம் சாபல்யம்.

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“போற இடத்துல டீயைக் கொடுப்பாங்களே. அதுக்கு என்ன பண்ணுவீங்க?”

இந்தக் கேள்விக்கு அவர் பதிலைத் தயாராக வைத்திருந்தார். முகத்தில் கொஞ்சம் சோகத்தையும் வரவழைத்துக்கொண்டார்.

“அதுலதான் சங்கடமே இருக்கு. ஓட்டு கேட்டுப் போற வீட்டுல கொடுத்ததை வேண்டாம்னு சொல்லவே கூடாது. சொன்னா, நம்ம கையால குடிக்க மாட்டேன்னுட்டாரேன்னு அந்த வீடு போச்சு. சாயங்காலத்துக்குள்ள தெருவே போச்சு. இருபது வருஷமா நான் கடைப்பிடிக்கிற விதி. நிழலைக் கேளு.”

“ஆமாங்க அக்கா,” என்றார் நிழல். “மிச்சம்கூட வைக்க மாட்டாரு.”

“எதைக் கொடுத்தாலுமா?”

“எதைக் கொடுத்தாலும்,” என்றார் உறுப்பினர். “மடக்குன்னு குடிச்சிட்டு, அருமைன்னு சொல்லணும்.”

“சரி, போயிட்டு வாங்க.”

அவ்வளவுதான். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை, அவளுடைய தம்பியைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து இல்லை. அரசியலில் இத்தனை காலம் இருந்தவர், எதிர்த்தரப்பு இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டால் சந்தேகப்பட வேண்டாமா? அவர் படவில்லை. அவர் மனசு அப்போதே முதல் ஊரின் முதல் வீட்டு அடுப்பருகே போய் உட்கார்ந்துவிட்டது.

முதல் வீடு ஒரு தையல்காரருடையது. முன்னறையில் இரண்டு தையல் மெஷின்களும் தரை முழுக்கத் துணித்துண்டுகளும் கிடந்தன. வெட்டி வைத்த சட்டைக் கைகளை ஒதுக்கிவிட்டு உறுப்பினரை ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். ஊருக்கு வெளியே வாய்க்கால் பாலம் உடைந்து கிடப்பதைத் தையல்காரர் சொல்லத் தொடங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போகிறார்கள். உறுப்பினர் தலையை ஆட்டினார். கண் மட்டும் உள்வாசல் திரை மேலேயே இருந்தது.

திரை விலகியது. தையல்காரரின் மனைவி இரண்டு கைகளாலும் ஒரு பெரிய டம்ளரை ஏந்தி வந்தாள். உள்ளே பச்சையாக ஏதோ இருந்தது.

“இது என்னம்மா?”

“பாகற்காய்ச் சாறுங்க, ஐயா. உங்களுக்குன்னே அரைச்சேன்.”

வாசலில் தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. விதி விதிதான். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கசப்பு தொண்டையில் இறங்கி, காது வழியாக ஏறி, கண்ணில் தண்ணீராக வந்து நின்றது. சரியாக அந்த நேரத்தில்தான் தையல்காரர், போன மழையில் ஒரு கிழவி அந்த வாய்க்காலில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பாருங்க,” என்றது கூட்டத்தில் ஒரு குரல். “பாலத்தைச் சொன்னதும் ஐயாவுக்குக் கண் கலங்கிருச்சு.”

“அருமை,” என்றார் உறுப்பினர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கிழவி விழுந்தது அருமையா என்று யாரும் கேட்கவில்லை. அழுத மனிதரிடம் என்ன கேட்பது? அழுதுவிட்டதால் அவருக்கும் வேறு வழியில்லை. அங்கேயே போனை எடுத்துப் பொறியாளரைப் பிடித்து, பாலத்துக்கு ஆளனுப்பச் சொன்னார்.

இரண்டாவது வீட்டில் வெந்தயம் ஊறிய தண்ணீர். மூன்றாவது வீட்டில் மறுபடியும் பாகற்காய். அடுத்த தெருவில் ஒரு லாரி ஓட்டுநரின் வீட்டில், பிஸ்கட் டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டப்பாவில் வெள்ளரிக்காய் நறுக்கி வைத்திருந்தார்கள். அந்தத் தெருவில் விளக்கு எரியாததற்காகவும் அவர் கண் கலங்கினார்.

“இந்த ஊர்ல டீயே குடிக்க மாட்டாங்களா?” என்று வெளியே வந்ததும் நிழலைக் கேட்டார்.

“உங்க மேல பாசம், அண்ணே. டீ எல்லாருக்கும் கொடுப்பாங்க. இது உங்களுக்குன்னு பண்ணது.”

சாயங்காலம் வீடு திரும்பி, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி துண்டோடு வந்தாள்.

“என்ன கொடுத்தாங்க?”

“அன்பைக் கொடுத்தாங்க.”

“குடிச்சீங்களா?”

“குடிச்சேன்.”

அவள் தரையில் உட்கார்ந்து அவர் காலைத் துடைத்துவிட்டாள். பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிராய்ப்பு இருக்கிறதா என்று விரலிடுக்கில்கூடத் தேடினாள்.

“எனக்குப் பயமா இருக்குங்க. உங்க அண்ணனும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே தின்னாரு. இப்ப அண்ணி கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வாசலுக்கு வர்றாரு. கண்ணு போன பிறகு யாருக்கு ஓட்டு, எதுக்கு ஓட்டு?”

அன்று முழுவதும் கலங்கிய உறுப்பினரின் கண் நிஜமாகவே கலங்கியது அப்போதுதான். இனி இனிப்பை நினைப்பதே இல்லை என்று முடிவு கட்டினார். பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல் திறக்கும் வரை அந்த முடிவு உறுதியாக இருந்தது. அவர்கள் அப்போதுதான் தேநீர் போட்டார்கள். அதுவும் இவர் வீட்டுச் சர்க்கரையில்.

சுற்றுப்பயணம் தொடர்ந்தது. ஊர் மாறியது, பாகற்காய் மாறவில்லை. எந்த ஊரில் எந்தக் குறை சொன்னாலும் உறுப்பினர் அழுகிறார் என்ற பேச்சு அவருக்கு முன்னால் பரவியது. மனுக்களும் கூடின, கூட்டமும் கூடியது. அழுத பாவத்துக்கு அவரும் குழாய், பஸ், தெருவிளக்கு என்று செய்துகொண்டே போனார். பதவிக்காலம் முழுக்கச் செய்யாததை நாக்குக் கசப்பில் செய்தார்.

ரகசியம் உடைந்தது ஒரு பஞ்சரால். உறுப்பினரின் பிரசார வேன் எப்போதும் அவருக்கு ஓர் ஊர் முன்னால் போய், அவர் வரப்போவதை அறிவித்துக் கூட்டம் சேர்த்துவிட்டு, அவர் வந்து சேர்வதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடும். அதனால் சொந்த வேன் என்ன பேசுகிறது என்று அவர் கேட்டதே இல்லை. அன்று டயர் பஞ்சராகி வேன் ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டது. மைக் பிடித்தவர் சும்மா நிற்பானேன் என்று நின்ற இடத்திலேயே பேசிக்கொண்டிருந்தார்.

“உங்கள் வீட்டுப் பிள்ளை இதோ நடந்தே வருகிறார். தாய்மார்களே, அண்ணனுக்குச் சர்க்கரை நோய். தேநீரைக் காட்டாதீர்கள். இனிப்பை நீட்டாதீர்கள். பாகற்காய்ச் சாறு கொடுங்கள். வெந்தயத் தண்ணீர் கொடுங்கள். எதைக் கொடுத்தாலும் மிச்சம் வைக்காமல் குடிப்பார் நம் அண்ணன்.”

உறுப்பினர் வேனைப் பிடித்துக்கொண்டார். முட்டி வலியால் இல்லை.

“யாருய்யா இதைச் சொல்லச் சொன்னது?”

“அக்காதான், அண்ணே. முதல் நாளே சொல்லிட்டாங்க. நீங்களா சொல்லக் கூச்சப்படறீங்களாம்.”

“நிறுத்து இதை.”

“நிறுத்தினா கெட்டுது, அண்ணே,” என்றார் நிழல், காதருகே வந்து. “இனிப்பை விட்டுட்டு நமக்காக நடக்கிறாருன்னு தொகுதியே உருகிக் கிடக்கு. இந்தத் தடவை ஜெயிச்சா பாகற்காயாலதான் ஜெயிப்பீங்க. இனிமே நீங்க டீ குடிக்கிறதை ஒரு ஆள் பார்த்தாலும் சீட்டு காலி.”

உறுப்பினர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார். பட்ஜெட்டுக்குக்கூட அவர் அவ்வளவு யோசித்ததில்லை. சொந்த வேன் போகாத தெரு எது? தொகுதியில் ஒரே ஒரு தெருதான் அப்படி. அவரை எதிர்த்துப் போட்டியிடுகிறவர் குடியிருக்கும் தெரு. அங்கே போய் வணக்கம் சொன்னால் அவர்கள் தேநீர் கொடுத்தாக வேண்டும். எதிரிக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தால் இன்னும் இரண்டு ஸ்பூன் அதிகமாகவே போடுவார்கள். நாளைக்கு வெளியே சொன்னால்? சொல்லட்டும். தேர்தல் நேரத்தில் எதிர்வேட்பாளர் சொல்வதை யார் நம்புகிறார்கள்?

நிழலைத் தெருமுனை வெயிலில் நிறுத்திவிட்டு, தனியாகப் போய்க் கதவைத் தட்டினார்.

எதிர்வேட்பாளரே திறந்தார். மேடையில் இவரை ஊழல் பெருச்சாளி என்று சொல்கிற வாய், வீட்டில் “வாங்க வாங்க” என்றது. முன்னறை இவர் வீட்டு முன்னறை மாதிரியே இருந்தது. அதே பிளாஸ்டிக் நாற்காலிகள், மனு கொண்டுவருகிறவர்கள் சாய்ந்து சாய்ந்து அழுக்கான அதே சுவர்.

“மரியாதைக்குப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்,” என்றார் உறுப்பினர்.

“ரொம்ப சந்தோஷம். உட்காருங்க. ஏம்மா, யாரு வந்திருக்காங்க பாரு.”

உள்ளே டம்ளரில் ஸ்பூன் சுற்றுகிற சத்தம் கேட்டது. உறுப்பினர் உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்தார். சர்க்கரை போடாமல் யாராவது ஸ்பூனைப் போட்டுக் கலக்குவார்களா? நன்றாகக் கலக்குகிறார்கள். நிறையப் போட்டிருக்கிறார்கள். நாக்கு ஊறியது.

எதிர்வேட்பாளரின் மனைவி தட்டோடு வந்தாள். தட்டில் இரண்டு டம்ளர். இரண்டும் பச்சை. மேலே கலக்கிய வெந்தயப் பொடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

“எடுத்துக்குங்க, அண்ணே. உங்க வீட்டு அக்கா இப்பத்தான் போன் பண்ணாங்க. எல்லாப் பக்கமும் அடைச்சாச்சு, இனி அவரு உங்க வீட்டுக்குத்தான் வருவாருன்னாங்க.”

“உங்களுக்கு அவளைத் தெரியுமா?”

“டாக்டர் வீட்டு வராந்தாவுல பழக்கம். நீங்க ரெண்டு பேரும் மேடையில திட்டிக்குவீங்க. நாங்க ரெண்டு பேரும் உங்க ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு ஒரே பெஞ்சுலதானே உட்கார்ந்திருக்கோம்.”

சொல்லிவிட்டு அவள் நகரவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உறுப்பினர் ஆதரவு தேடி எதிர்வேட்பாளரைப் பார்த்தார். அவர் தன் டம்ளரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

“குடிச்சிடுங்க,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “டீ கிடைக்கும்னு நேத்து நான் உங்க வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு ரெண்டு டம்ளர்.”