ஐந்தாம் கணினிக்காரர்

ஓடக்காரருக்கு மொத்தமே ஒரு வசனம்தான்: "அக்கரைக்குப் போகணுமா?" நூறு தடவை பேச்சுக் கொடுத்தாலும் அதையேதான் சொல்வார். அடுத்த மாதம் வெளிவர வேண்டிய அந்த வீடியோ கேமில் கொல்லன், ராணி, ராட்சதன் எல்லோருக்கும் அதே கதிதான். ஆடிப் பார்த்த சோதனையாளர்கள், 'யாருக்கும் உயிரே இல்லை, கதை தலைதெறிக்க ஓடுகிறது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மேனேஜர் கதாசிரியரைக் கூப்பிட்டு, ஒரு பாத்திரத்துக்காவது உயிர் கொடுக்கச் சொன்னார். இரண்டு வருஷமாக ஒவ்வொரு காட்சியையும் "சுருக்குங்க" என்று வெட்டித் தள்ளியவரும் அவரேதான்.

கதாசிரியர் வீட்டில் தனி ஆள். மனைவி இறந்து மூன்று வருஷமாகிறது. வெளிநாட்டிலிருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "சாப்டீங்களாப்பா?" என்பாள். அவளுக்கும் ஒரே வசனம்தான். உயிருள்ள ஒரு மனிதனை எங்கே போய்த் தேடுவது? தன்னையே எடுத்து ஓடத்தில் உட்கார வைத்தார்.

ஓடக்காரர் இப்போது பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குச் சமைத்தார். மிச்சத்தை ஆற்று மீனுக்குப் போட்டார். துடுப்புப் போட்டுக்கொண்டே செத்துப்போன மனைவியோடு சண்டை பிடித்தார்.

பத்து நாள் கழித்து, சோதனை அறையிலிருந்து வந்த அறிக்கையில் புது வில்லங்கம் வந்தது. ஐந்தாம் கணினியில் ஆடுபவர் எட்டு நாளாக ஆற்றைத் தாண்டவில்லை. அக்கரையில் ராட்சதன் ராணியைத் தூக்கிக்கொண்டு போய்க் காத்துக் கிடக்கிறான். இவரோ ஓடக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்கிறார்.

மேனேஜர் தலை நிமிராமல், ஆட்டம் நகர்ந்தாக வேண்டும் என்றார்.

கதாசிரியர் ஓடக்காரரைக் கொஞ்சம் கடுகடுப்பாக்கினார். "பேசிட்டே இருந்தா எப்படி? ஏறுங்க." ஐந்தாம் கணினிக்காரர் அசையவில்லை. கோபம் தணியட்டும் என்று கரையில் காத்திருந்தார்.

அடுத்து ஓடக்காரரைக் காய்ச்சலில் படுக்கப் போட்டு, வேறொரு ஆளிடம் துடுப்பைக் கொடுத்தார். அதுவும் வினையாயிற்று. ஐந்தாம் கணினிக்காரர் வாளை விற்று மருந்து வாங்கினார். இனி ராட்சதனை எதை வைத்து வெட்டுவது?

வேறு வழியில்லாமல், ஒரு வியாழக்கிழமை காலை, கதாசிரியர் ஓடக்காரரைச் சாகடித்தார். மறுநாள் மேனேஜர் ஆபீசுக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள்.

திங்கட்கிழமை மாலை வந்த அறிக்கையைக் கதாசிரியர் இரண்டு தடவை படித்தார். ஐந்தாம் கணினிக்காரர் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கியிருந்தார். ஓடக்காரர் உயிரோடு இருக்கும் இடம் வரை வந்து, அவர் குடிசை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். ஒரு அடி முன்னே வைத்தால் ஓடக்காரருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

தான் சொல்வதைக் கேட்க ஊரில் ஒரு ஜீவன் இருக்கிறது. அது இத்தனை நாளாகத் தெரியாமல் போயிற்றே.

செவ்வாய்க்கிழமை கதாசிரியர் இரண்டு பேருக்குச் சமைத்தார். இந்தத் தடவை பழக்கதோஷம் இல்லை. இரண்டு டப்பாக்களோடு சோதனை அறைக்குப் போனார். யாரும் இன்னும் வரவில்லை. கூட்டிப் பெருக்கும் அம்மா மட்டும் மேஜைக்கடியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் கணினியில் ஆடுகிறவர் எத்தனை மணிக்கு வருவார், ஆள் எப்படி, பேசினால் பேசுவாரா என்று கதாசிரியர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அந்தம்மா துடைப்பதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுக்குன்னு ஆளே கிடையாது சார். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும், உங்க மேனேஜர்தான் கதவைச் சாத்திட்டு உக்காருவாரு."