ஜன்னல் ரோபோ விஷயமாக டெரிக் மச்சானுக்கு

ராயபுரம்,
வியாழக்கிழமை காலை.

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் டெரிக் அவர்களுக்கு, உன் அக்காள் புருஷன் ஃப்ரெடி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் நலம். அங்கே நீங்கள் எல்லாரும் நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. என் பெண்டாட்டி அடைக்கலமேரி பன்னிரண்டு நாளாக உன் வீட்டில் சமைத்துப் போடுகிறாள். நலமாகத்தான் இருப்பீர்கள்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நீ யோசிக்கலாம். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் என்னோடு பேசுகிறாய் என்பது எனக்குத் தெரியும். நேற்று நீ, "மாமா, ஒரே ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு அக்காவை இட்டுகினு போங்க" என்று சொன்னபோது, பின்னாலிருந்து "சத்தமா கேக்கச் சொல்லு" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரலோடு முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவன் நான். ஆகவே எழுத்து மூலமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். நான் மன்னிப்புக் கேட்க முடியாது. அரக்கோணத்துக்கு வரவும் முடியாது. அந்த மெஷினைத் தூக்கிப் போடவும் முடியாது.

நடந்ததை அவள் உன்னிடம் அவள் பாணியில் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேள். எங்கள் வீடு நாலாவது மாடி, ஹாலில் துறைமுகத்தைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல், அதற்குக் கம்பி கிடையாது. இந்தப் பக்கத்துக் கறுப்புத் தூசி உனக்குத் தெரியாததில்லை, காலையில் துடைத்த கண்ணாடியில் சாயங்காலம் விரலால் பேர் எழுதலாம். துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவன், அந்த உசரத்தில் கேபின் கண்ணாடியை நானேதான் துடைப்பேன், அதனால் ரிடையர் ஆன பிறகும் சனிக்கிழமை தவறாமல் ஜன்னல் கட்டையில் வெளிப்பக்கமாக உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தேன். ஜனவரியில் ஒரு நாள் கால் கொஞ்சம் வழுக்கியது. கொஞ்சம்தான். செருப்பு மட்டும் கீழே போய் ஒரு ஆட்டோ கூரைமேல் விழுந்தது. உன் அக்கா அந்தச் செருப்பைக்கூட எடுக்காமல் என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டுபோய் மாதா முன்னால் நிற்க வைத்து, "இனிமேல் ஜன்னல் துடைக்க வெளியே கால் வைக்க மாட்டேன்" என்று சத்தியம் வாங்கினாள். வார்த்தையை நன்றாகக் கவனி மச்சான். ஜன்னல் துடைக்க.

சத்தியத்தைக் காப்பாத்தத்தான் ரோபோவே வாங்கினேன். ஆன்லைன்ல இருக்கறதுலயே கம்மி விலை மாடல். சதுரமா, இட்லித் தட்டை விடக் கொஞ்சம் பெருசா, அடியில ரெண்டு துணி சுத்தும், நடுவுல ஒரு ஃபேன் காத்தை உறிஞ்சிக்கினு கண்ணாடியோட அப்படியே ஒட்டிக்கும், தானாவே மேலயும் கீழயும் நடந்து துடைக்கும். கரண்ட் போனாலும் விழக் கூடாதுன்னு உள்ள ஒரு குட்டி பேட்டரி, அதுக்கும் மேல ஒரு பாதுகாப்புக் கயிறு. கூட ஒரு ரிமோட்டு, அதுல மேல்னு அழுத்தினா கீழ போவும், கீழ்னு அழுத்தினா சும்மா நின்னுகினு பீப் பீப்னு கத்தும். சத்தம் இருக்குதே, மூடி இல்லாத மிக்ஸி மாதிரி. முதல் நாள் தூசியும் தண்ணியும் கலந்து கண்ணாடி முழுக்க மை தடவின மாதிரி ஆயிடுச்சு, உன் அக்கா பாத்துட்டு, "முன்னாடி அழுக்கா இருந்துது, இப்போ கலீஜா கீது" அப்டின்னா. நான் விடல. துணியை மாத்தி மாத்திப் போட்டு நாலாவது தடவை வெளுப்பு வந்துச்சு. மூலை நாலும் அப்படியே கறுப்பா நிக்கும், அது சதுர மெஷினா இருந்தாலும் ஏன் மூலைக்குப் போவாதுன்னு அதைச் செஞ்சவனைத்தான் கேக்கணும். ஆனா நடுவுல பாரு, துறைமுகத்துல நிக்கற கப்பல் பேரைப் படிக்கலாம்.

இப்போ அந்த சனிக்கிழமைக்கு வரேன். காலைல பத்து மணி, உன் அக்கா காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போய்க்கீறா. நான் பாதுகாப்புக் கயிறை அவளோட தையல் மெஷின் இரும்புக் கால்ல கட்டினேன். கட்டினது யாரு, ஆயிரம் லோடு தூக்கினவன், அந்த முடிச்சு இன்னிக்கும் அவுந்திருக்காது. ரோபோவை வெளிப்பக்கம் ஒட்டிவிட்டேன். வெளுப்பு இன்னும் கொஞ்சம் தூக்கலா வரட்டும்னு சோப்புத் தண்ணியைக் கொஞ்சம் தாராளமா அடிச்சேன். இது என் தப்புன்னு நீ நினைச்சா நினைச்சுக்கோ. அது சர்ர்ருனு வழுக்கி, ஒயரைப் பிடுங்கிகினு கீழ போயிடுச்சு. கயிறு பிடிச்சுது. ஆனா காத்துல ஒரு ஆட்டம் ஆடிச்சு பாரு, பேட்டரியில ஃபேன் ஓடிகினே இருந்ததால, கீழ் வூட்டு சீனியம்மாள் ஜன்னல்ல போய் பச்சக்னு ஒட்டிகினு, அவங்க கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிச்சுடுச்சு. சீனியம்மாளை உனக்குத் தெரியும், திருநெல்வேலிப் பக்கத்துக்காரங்க, தெருமுனையில மளிகை மொத்த வியாபாரம். அந்த அம்மா அப்பத்தான் தலைக்கு எண்ணெய் வெச்சுகினு வந்து நின்னுக்கீறாங்க. ஜன்னல்ல நீல விளக்கு எரிஞ்சுகினு ஒண்ணு ஊருது. கேமரான்னு நினைச்சுட்டாங்க.

"அண்ணாச்சி, என்னத்த இறக்கி விட்டிருக்கிய? வயசான காலத்துல இது என்ன புத்தி?"

"சீனியம்மா, அது துடைக்கற மெஷினு. கையை வெக்காதீங்க."

"துடைக்கதுன்னா உங்க வீட்டுல துடைக்கட்டும். எங்க வீட்டை எதுக்குப் பாக்கு?"

சொல்லிகினே வெளியே கையை விட்டு அதைப் பிடிச்சு உள்ள இழுக்கறாங்க. நான் மேலருந்து கயிறை இழுக்கறேன். அது ரெண்டு பேருக்கும் நடுவுல பீப் பீப்னு கத்துது. உள்ள நின்னு இழுத்தா கயிறு ஜன்னல் விளிம்புல உரசுது, அறுந்தா கீழ போறவன் மண்டை போயிடும். கிரேன்காரனுக்குத் தெரியும், லோடு எங்க தொங்குதுன்னு கண்ணால பாக்காம கயிறைத் தொடக் கூடாது. அதனால வெளியே காலை வெச்சேன். கட்டையில உக்காந்து, ஒரு கையால சட்டத்தைப் பிடிச்சுகினு, நேரா மேல தூக்கினேன். நான் வெளியே உக்காந்ததைப் பாத்துட்டு சீனியம்மாளும் பிடியை விட்டுட்டாங்க. அலுங்காம வந்துச்சு. என் சர்வீஸ்ல அப்பிடி ஒரு தூக்கு தூக்கினதில்ல.

அப்போ கீழ பாத்தேன். நாலு ஆட்டோக்காரங்க, ஒரு தண்ணி லாரி, நடுவுல மீன் பையோட உன் அக்கா. அண்ணாந்து பாத்துகினு நிக்கறா. லிஃப்டு ரிப்பேரு, நாலு மாடி ஏறி வந்தா, மீனைக் கழுவி ஃபிரிட்ஜ்ல வெச்சா, கையைத் துடைச்சா. நான் ஞாயத்தைச் சொன்னேன். நான் சத்தியம் பண்ணது ஜன்னல் துடைக்க வெளியே போவ மாட்டேன்னு, இன்னிக்கு நான் போனது மெஷினைக் காப்பாத்த, மாதாவே வந்து விசாரிச்சாலும் இதுல குத்தம் இல்ல. அவ அந்த ரோபோவைக் கையில எடுத்து, அதோட கயிறைப் பிடிச்சுக் காட்டி ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"இது கயிறு கட்டிகினு தொங்குச்சு. நீ கட்டிகினியா?"

அவ்வளவுதான். பையை எடுத்துகினு உன் வூட்டுக்கு வந்துட்டா.

இது ஒரு கேள்வியா மச்சான்? முப்பத்தொரு வருஷம் நான் மேல உக்காந்திருந்தப்போ இவ ஒரு நாளாவது கேட்டாளா? அப்போ தெனம் சாயங்காலம் துறைமுக கேட்டுக்குப் பக்கத்துல வந்து நின்னுகினு இருப்பா, கறிகாய் வாங்க வந்தேன்னுவா. துறைமுக வாசல்ல எங்க விக்கறான் கறிகாயி? அதையெல்லாம் இப்போ நான் ஏன் யோசிக்கறேன்னு எனக்கே தெரியல, பேஜாரா கீது. ஆனா பயந்துட்டேன்னு நினைக்காத. பன்னெண்டு நாளா நானே சமைச்சுத் துன்றேன். அவ வாங்கின மீனு ஃபிரிட்ஜ்ல அப்படியே கீது, அதைத் தொட எனக்கு இஷ்டமில்ல, அது வேற விஷயம். தெனம் ரோபோவை ஓட்டறேன், உள்பக்கம். சீனியம்மாளே இப்போ மனசு மாறிட்டாங்க, "அண்ணாச்சி, அந்த எந்திரத்த சனிக்கெழமையில இங்கிட்டும் ஒரு நடை இறக்கி விடுங்க" அப்டின்றாங்க. ஊரே ஒத்துகினு கீது. உன் அக்கா ஒருத்திதான் பாக்கி. அதனால உன் சமாதானப் பேச்சையெல்லாம் நிறுத்திக்கோ. ஃப்ரெடி ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான். இரும்பு.

உன் மனைவி சில்வியாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். எல்லாரையும் அந்தோணியார் காக்கட்டும், உன்னைக் கொஞ்சம் கம்மியாகவே காக்கட்டும்.

இப்படிக்கு, மாறாத மனசுடன்,
ஃப்ரெடி.

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள கதவைத் தட்டினாங்க. சாத்தாங்காட்டுலருந்து தாமோதரன் அளவெடுக்க வந்துட்டாரு, கிரில் போடறவரு. செவ்வாக்கிழமையே சொல்லி வெச்சிருந்தேன், மேல எழுத மறந்துட்டேன். கம்பி போட்டா கப்பல் கட்டம் கட்டமாத் தெரியும்னு இந்த வூட்டுக்கு வந்த நாள்லருந்து வேணாம்னுகினு இருந்தவன் நான். கட்டம் கட்டமாத் தெரிஞ்சாலும் கப்பல் கப்பல்தானே. கம்பி வந்துட்டா ரோபோவும் வெளியே போவ முடியாது, நானும் போவ முடியாது, கண்ணாடி கறுத்தா கறுத்துட்டுப் போவுது. ரோபோவை சீனியம்மாளுக்குக் குடுத்துட்டேன். தூக்கிப் போடல, குடுத்தேன். தாமோதரன் பெயின்ட் இன்னா கலர்னு கேட்டாரு. வூட்டுக்காரம்மாதான் சொல்லணும்னு சொல்லிட்டேன். இந்தக் கடிதத்தையும் தபால்ல போடப் போறதில்ல, நாளைக்குக் காலைல மின்சார ரயில்ல நானே கொண்டாறேன், கூடவே கலர் அட்டையும். சாக்லேட்டா, சாம்பலான்னு அவளைக் கேக்கத்தான் வரேன். வேற எதுக்கும் இல்ல.