‘பேட்டரிதான்’ என்பவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. எந்த இயந்திரம் நின்றாலும் பத்தடி தள்ளி வந்து நிற்கும்; இடுப்பில் கை வைக்கும்; தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, “பேட்டரிதான்” என்று சொல்லிவிடும். சோதித்துப் பார்ப்பது கிடையாது. சந்தேகம் என்பது இந்த இனத்துக்கு அம்மை நோய் மாதிரி; சிறுவயதில் ஒருமுறை வந்து போய்விட்டது, இனி ஆயுளுக்கும் வராது.

முழு வளர்ச்சி பெற்ற ஒருவரை எனக்குத் தெரியும். ஏரியில் வாட்டர் ஸ்கூட்டர்களை வாடகைக்கு விடும் முதலாளியின் மைத்துனர். பதவி எதுவும் இல்லை. ஆகவே எல்லாப் பதவியும் அவருடையதே. ‘இன்ஜினியர் மச்சான்’ என்றுதான் அங்கே பெயர். எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்டதில்லை. அவரும் வாய் தவறிச் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை. மிதவைச் சட்டை மாட்டிய கூட்டம் வரிசையில் நிற்கிறது. மூன்றாம் நம்பர் வண்டி கிளம்பவில்லை. பொத்தானை அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி.

“பேட்டரிதான்” என்றார் மச்சான்.

புதுப் பேட்டரி வந்தது. டிக்.

“அப்ப பக்கத்துல இருக்கற ரிலே.”

அந்தச் சின்னப் பெட்டியும் மாறியது. டிக்.

நீங்களோ நானோ என்றால் “தெரியலை” என்போம். நிபுணர் அப்படிச் சொல்வாரா? அவர் சுற்றுமுற்றும் பார்க்கிறார். இருப்பவர்களிலேயே சம்பளம் குறைந்தவராக, எதிர்த்துப் பேசாதவராக ஒருவரைத் தேடுகிறார். அன்று கண்ணில் பட்டவர் வண்டி கழுவும் அம்மாள்.

“இவங்கதான் மாமா, குழாயால அடிச்சு வயருக்குள்ள தண்ணிய ஏத்திட்டாங்க.”

கேட்டீர்களா? ஏரியில் பாய்ந்து, புரண்டு, முங்கி எழுவதற்காகவே செய்த வண்டி. பொழுது விடிந்தால் அடைந்தால் தண்ணீரிலேயே கிடக்கிற வண்டி. அதை ஒரு பெண் பத்து நிமிடம் கழுவியதில் தண்ணீர் பட்டுக் கெட்டுப் போயிற்றாம்! யாராவது சிரிக்க வேண்டுமே? முதலாளி தலையாட்டினார்.

“அது மட்டுமா? போன வாரத்துலேர்ந்து என்னோட பத்தாம் நம்பர் ஸ்பேனரையும் காணோம். இங்க வேற யாரு வந்து போறா?”

ஒரே மூச்சில் அந்த அம்மாள் வேலை தெரியாதவரும் ஆனார், திருடியும் ஆனார்.

“நாளைலேர்ந்து வரவேணாம்மா” என்றார் முதலாளி.

“வேலை போறது போகட்டும்ங்கய்யா. திருடின்னு பேர் வச்சு அனுப்பாதீங்க. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுங்க. அதுவரைக்கும் நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்.”

நகரவில்லை. மெக்கானிக் வந்தார். அவரும் ஒரு பெண். மச்சானின் புருவம் நெற்றியைத் தாண்டியது.

“மீட்டரெல்லாம் எதுக்கும்மா? நான் சத்தத்தை வச்சே சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னீங்க சார்?”

“பேட்டரின்னு.”

“மாத்தினீங்களா?”

“மாத்தினோம்.”

“ஓடிச்சா?”

மச்சான் ஏரியின் அழகை ரசிக்கத் தொடங்கினார்.

பேட்டரியில் மீட்டரை வைத்தால் பன்னிரண்டரை வோல்ட், குறையே இல்லை. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் மேலும் வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தச் சொன்னார். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய எண் ஏழுக்குத் தாவியது.

“பேட்டரில இருக்கற கரன்ட்டு எஞ்சின் வரைக்கும் போய்த் திரும்ப வழியில்லை. எர்த் வயர் எங்கயோ தளர்ந்திருக்கு.”

அடி மூடியைக் கழற்றினார். எர்த் வயரை எஞ்சினோடு சேர்க்கும் போல்ட், ஆடுகிற பல்லைப் போல் ஆடியது. அதற்கு நேர் கீழே, வண்டியின் அடிவயிற்றில், பளபளவென்று படுத்திருந்தது பத்தாம் நம்பர் ஸ்பேனர்.

“மச்சான்,” என்றார் முதலாளி மெதுவாக, “போன வாரம் சர்வீஸ் பண்றேன்னு இதைத் திறந்தது நீதானே? நடுவுல போன் வந்துச்சுன்னு எழுந்து போனியே?”

போல்ட் இறுகியது. வண்டி உறுமியது.

மச்சான் வெட்கப்பட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? அது வேறு இனம். “நான்தான் காலையிலேயே சொன்னேனே, கரன்ட்டுப் பிரச்சினைன்னு!” என்றார். முதலாளி, “சரிம்மா, வழக்கம்போல வாங்க” என்று முடித்துக்கொண்டார். மன்னிப்பு? அது அந்த ஏரியில் மூழ்கி எத்தனையோ காலம் ஆயிற்று.

அம்மாள் ஸ்பேனரை எடுத்து, கழுவி, துடைத்து, மச்சான் கையில் வைத்தார்.

“பத்திரமா வச்சுக்குங்கய்யா. அடுத்த தடவை காணாம போனா, முதல்ல உள்ள பாருங்க.”

இந்த இனம் ஏரிக்கரையில் மட்டும் வாழ்வதில்லை. அலுவலகங்களில் உண்டு; வீடுகளில் ஏராளம். உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் படித்தவர், நியாயம் தெரிந்தவர். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் வீட்டில் கடைசியாக ஒரு பொருள் காணாமல் போனதே, அதைத் தேடத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் மனத்தில் யார் முகம் வந்தது?

பொருள் எங்கே கிடைத்தது என்று நான் கேட்கப்போவதில்லை.