கதவுக்கு ஒத்தடம்

கல்பாலத் தோட்டம், மேற்பிரிவு,
லிந்துலை.
16.10.1955

கினிகத்தேனையில் இருக்கும் என் பிரியமுள்ள கொழுந்தனார் மாயாண்டித் தம்பிக்கு மதினி அம்மாக்கண்ணு எழுதிக்கொண்டது. நீங்களும் ராசம்மாவும் பிள்ளைகளும் முருகன் துணையால் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன். பிள்ளைக் காம்பராவில் தாய்மார் என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் மூக்கு ஒழுகிக்கொண்டு சுகமாக இருக்கிறார்கள். நீங்கள் லொறியில் போட்டு அனுப்பிய கதவு சாத்தும் மிஷின் ஒரு பழுதும் இல்லாமல் வந்து சேர்ந்தது. பழுதெல்லாம் வந்து சேர்ந்த பிறகு நான் பண்ணியதுதான். நிற்க. இந்தச் சொல்லை உங்கள் மிஷினிடமும் பல தடவை சொல்லிப் பார்த்தேன், அது கேட்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலில் இருந்து சொல்லாவிட்டால் எனக்கு மேலே எழுத வராது. ஆற்றுப் பாலத்தைச் சிமெந்தில் கட்டியபோது மிஞ்சிய பழைய பலகையைத் துரையிடம் கேட்டு வாங்கித்தான் உங்கள் அண்ணன் பிள்ளைக் காம்பராவுக்குக் கதவு செய்தார். லொறியைத் தாங்கின பலகை. தொட்டில் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய கதவு, ஆசாரிக்குப் பலகையைக் குறைக்க மனசு வரவில்லை போல என்று தோட்டமே சிரித்தது. அது போதாதென்று தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கழித்துப்போட்ட மிஷின் பெல்ட்டை வெட்டி, கதவின் ஓரம் முழுக்க வைத்து ஆணியடித்தார். கதவுக்குக் கரை போட்ட வேட்டி கட்டினாற்போல இருக்கிறது என்று நானும் சொன்னேன். காலையில் மலைக்குப் போகிற பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோளால் முட்டித் திறப்பார்கள். திறப்பதோடு சரி, சாத்துகிற தெம்பு யாருக்கும் கிடையாது. அவர் இருந்தவரைக்கும் போகும்போதும் வரும்போதும் அந்தப் பக்கமாக வந்து சாத்திவிட்டுப் போவார். சாயந்திரம் கடைசிப் பிள்ளையும் போன பிறகு நான் வீடு இருக்கிற லயத்தைப் பார்க்க முன்னால் நடப்பேன். பின்னால் தொம்மென்று கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். அப்புறம் எட்டி நடந்து வந்து சேர்ந்துகொள்வார். மாசியில் அவர் போனதிலிருந்து சாயந்திரம் நான் முழு உடம்பையும் சாய்த்து இழுத்துச் சாத்துகிறேன், அதோடு அழுகையும் சேர்ந்துகொள்வதால் நேரம் பிடிக்கிறது. பகலெல்லாம் கதவு திறந்துதான் கிடக்கிறது. பனிக்காற்று உள்ளே வந்து ஒவ்வொரு தொட்டிலாக விசாரித்துவிட்டுப் போகிறது.

பிள்ளைகளின் இருமல் சின்னதுரை காதுக்குப் போனது. சிங்களத் துரை, வயசு குறைவு, தமிழ் அதைவிடக் குறைவு. வந்து கதவைத் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. "இந்தக் கதவு நல்லமில்லை. கழட்டு. வெட்டு. ஸ்டோர் அடுப்புக்குப் போடு. தகரக் கதவு ஒண்ணு போடுறது" என்றார். உங்கள் அண்ணன் கையால் செய்த கதவை அவர் சாம்பலான மாதிரியே சாம்பலாக்கச் சொன்னதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "தானா சாத்திக்கிற மிஷின் ஒண்ணு இருக்குதுங்க தொரைங்களே, எங் கொழுந்தன் அனுப்பி வைப்பாரு" என்றேன். கொழும்பில் ஏதோ பெரிய கட்டடத்துக் கதவில் அப்படி ஒன்றைப் பார்த்ததாக நீங்கள் எப்போதோ சொன்னீர்கள், அதுதான் எனக்குத் தெரிந்த மொத்த விவரம். "வாற மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை பார்க்க வாறது. சாத்தினா கதவு. சாத்தாட்டி அடுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு அவசரமாக எழுதினேன். நீங்களும் இடித்த பங்களாவில் இருந்து கழற்றியது என்று அனுப்பி வைத்தீர்கள்.

பெட்டியைப் பிரித்தால் செம்பு மாதிரி வயிறும், முழங்கை மடக்கின மாதிரி ஒரு இரும்புக் கையும், இங்கிலீசில் ஒரு கடதாசியும். கடதாசியை மடித்து மேலே செருகிவிட்டேன். உங்கள் அண்ணனின் ஆயுதப் பெட்டியை மாசிக்குப் பிறகு அன்றுதான் திறந்தேன். அவர் வேலை செய்யும்போது பார்த்திருக்கிறேன். தேயிலைப் பெட்டி மேல் ஏறுவார், திருகாணியை வாயில் கடித்துக்கொள்வார், ஒரு கண்ணைப் பாதி மூடுவார். நானும் ஏறினேன், கடித்தேன், பாதி மூடினேன். அந்த மட்டும் அச்சு அசல் அவர் மாதிரியே வந்தது. மற்றதெல்லாம் என் மாதிரி வந்தது. கீழ்லயத்துப் பூரணி பெட்டியைப் பிடித்துக்கொண்டாள், கைக்குழந்தைக்காரி, வாய் அதிகம். எல்லாம் முடித்து, இறங்கி, கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு நின்று பார்த்தோம். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு மெதுவாக, மரியாதையாக, தானாகவே திறந்துகொண்டது. மறுபடி சாத்தினேன். மறுபடி திறந்தது.

"அத்தே, மாமா வந்துட்டாரு போல. தொறந்து விடுறாரு" என்றாள் பூரணி.

"உங்க மாமா சாத்துறவருடி. தொறந்து போடுறதெல்லாம் நீங்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, நானும் ஒரு தடவை கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

கடதாசியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மருந்து ஐயா சிவபாதம் யாழ்ப்பாணத்தார், இங்கிலீசு படித்தவர், நல்ல மனுசர். நேரில் வந்து கதவைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொருத்தி முடிச்ச பிறகே எனக்குக் கடதாசியைக் காட்டுறீர்? இது இடக்கைக் கதவுக்கு முறுக்கின ஸ்பிரிங். உம்மட கதவு வலக்கைக் கதவு. மற்றப் பக்கம் முறுக்கோணும்" என்றார். "கதவுக்குக் கையே இல்லீங்களே ஐயா" என்றேன். "எனக்கும் இப்பத்தான் தெரியும்" என்றார். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதும் கடதாசியில் இருந்ததாம். அவர் அந்த வரியைத் தேடிக்கொண்டிருந்தபோதே நான் முறுக்க ஆரம்பித்துவிட்டேன். மாசியில் இருந்து யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் வைத்திருந்த கோபமெல்லாம் கைக்கு வந்துவிட்டது, தம்பி, நன்றாகவே முறுக்கினேன். கதவை விட்டதும் விழுந்த அடியில் கூரைத் தகரம் அதிர்ந்தது, தொட்டில் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தினார்கள், எதிர்மலையில் கல்லுக்கு வெடி வைக்கிறார்கள் என்று நினைத்து கங்காணி பெண்களைத் தேயிலைச் செடிக்குள் உட்கார வைத்திருக்கிறார்.

மறுநாள் மழை. பிள்ளைக்குப் பால் கொடுக்க வருகிறவர்கள் கூடையை வெளியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். கொழுந்து நனைந்தால் நிறையில் வெட்டுவார்கள் என்று பூரணி அன்றைக்குக் கூடையோடு வந்தாள். கயிறு தலையில், கூடை முதுகில். அவள் உள்ளே வந்துவிட்டாள், கூடை வரவில்லை. கதவு அதைக் கவ்விக்கொண்டது.

"அத்தே, என்னையப் புடிச்சிக்கிச்சு."

"யாருடி புடிச்சா?"

"மாமா செஞ்ச கதவுதான், வேற யாரு புடிப்பா என்னைய."

இழுத்துப் பார்த்தேன், தள்ளிப் பார்த்தேன். நான் முறுக்கின முறுக்கை என்னாலேயே அசைக்க முடியவில்லை. தொட்டிலில் பிள்ளை பசியில் கதறுகிறது. கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தேன். கதவில் மாட்டியபடியே நின்று பால் கொடுத்தாள். "சாஞ்சு நிக்க இப்படி ஒரு எடம் மலையில கெடைக்காதுத்தே" என்றாள். பிள்ளை குடித்து முடித்து ஏப்பம் விட்ட பிறகு கங்காணி வந்து கதவைத் தள்ளிக் கூடையை மீட்டார்.

வேகத்தைக் குறைக்க வயிற்றில் ஒரு சின்னத் திருகாணி உண்டு என்று மருந்து ஐயா வாசித்துச் சொன்னார். கொஞ்சம் திருப்பச் சொன்னார். கொஞ்சத்தை நான் என்றைக்குக் கண்டேன். திருகாணி கையோடு வந்துவிட்டது, உள்ளே இருந்த எண்ணெய் முழுவதும் கீழே நின்று வாசித்துக்கொண்டிருந்த அவர் வழுக்கைத் தலையில் இறங்கியது. அவர் கோபப்படவில்லை. கடதாசியைத் துடைத்தார், பிறகு கண்ணாடியை, பிறகுதான் தலையை. "எண்ணெய் இல்லாமல் இது வேலை செய்யாது, அம்மாக்கண்ணு" என்று மட்டும் சொன்னார். எண்ணெய்தானே என்று, நான் தலைக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து அப்படியே ஊற்றிவிட்டேன். யாருக்குத் தலை வாரி நிற்கப்போகிறேன் என்றும் ஒரு நினைப்பு. பகல் நேரம், பால் காய்ச்சுகிற அடுப்பு பக்கத்திலேயே எரிகிறது, கதவு பஞ்சு மாதிரி சாத்திக்கொண்டது. எனக்கு இருந்த பெருமையில் அன்றைக்கு இரண்டு முறை சும்மாவே வெளியே போய் உள்ளே வந்தேன்.

விடிந்து வந்து பார்த்தால் கதவு பாதியில் நிற்கிறது. தள்ளினால் போகாது, இழுத்தால் வராது, கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி ஒரே நிலை. லிந்துலைப் பனியில் தேங்காயெண்ணெய் கட்டியாகும் என்று தெரியாதவள் இல்லை நான். ஒவ்வொரு காலையும் அந்தப் போத்தலை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலையில் தேய்க்கிறேன், கலியாணம் முடித்து இங்கே வந்த நாளில் இருந்து. மிஷினுக்குள் ஊற்றும்போது மட்டும் அந்த ஞாபகம் எங்கே போய் உட்கார்ந்திருந்ததோ. அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. சின்னதுரை வருகிற நாள்.

வேறு வழி தெரியாமல், சளி கட்டின பிள்ளை நெஞ்சுக்குச் செய்கிறதைக் கதவுக்கும் செய்தேன். வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து, தேயிலைப் பெட்டி மேல் ஏறி, மிஷின் வயிற்றுக்கு ஒத்தடம் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்துச் சின்னதுரை வாசலில் வந்து நின்றார்.

"என்ன செய்றது?"

"ஒத்தடங்க தொரைங்களே."

"கதவுக்குக் காய்ச்சல்?"

"குளிருங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு கையை நிலையில் வைத்துக்கொண்டு, உடம்பை உள்ளே நீட்டி, பிள்ளைகளை எட்டிப் பார்த்தார். என் ஒத்தடம் அளவுக்கு மேலே வேலை செய்திருக்க வேண்டும். எண்ணெய் தண்ணீராகிவிட்டது. லொறியைத் தாங்கின கதவு முழு முறுக்கோடு வந்து துரை விரல் மேல் விழுந்தது. கூரை அதிர்ந்தது, பிள்ளைகள் கத்தினார்கள், நான் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கதவு போய்விட்டது, என் வேலையும் போய்விட்டது, துரை விரலும் போய்விட்டது என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அழுகையாக அழுதுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கையை மெதுவாக வெளியே இழுத்தார். விரல் இருந்தது. சிவந்திருந்தது, அவ்வளவுதான். கதவோரத்தைத் தடவிப் பார்த்தார், அந்த பெல்ட் வாரை. தடித்த வார், நிலைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு விரலுக்கு இடம் விட்டிருந்தது.

"இது யார் வச்சது?"

"எங்க வீட்டுக்காரருங்க. பிள்ளைங்க கை வைக்குமுன்னுங்க."

அந்த வாரை இன்னொரு தடவை விரலால் அழுத்திப் பார்த்தார். "கதவு இருக்கட்டும்" என்றார். இறங்கிப் போகும்போது திரும்பி, "மிஷின் நல்லமில்லை" என்றார்.

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், தம்பி. கதவு தப்பித்துவிட்டது, உங்கள் அண்ணன் வைத்த பெல்ட் வாரால் தப்பித்தது, மிஷினால் இல்லை. எனக்கு இனி இந்த மிஷின் வேண்டாம். இந்த வருஷம் எனக்குத் தீபாவளி இல்லை, அதனால் பலகாரத்தை எதிர்பார்க்காமல் வந்து இதைக் கழற்றிக்கொண்டு போங்கள். ஆயுதப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள், என் கையில் இருந்தால் தோட்டத்தில் நல்லபடியாக இருக்கிற வேறு எதையாவது பழுதாக்கிவிடுவேன். பகலில் கதவை நானே பார்த்துக்கொள்கிறேன், திறந்து போடுகிறவர்களுக்கு என் வாய் இருக்கிறது. சாயந்திரம் பழையபடி உடம்பைச் சாய்த்து இழுத்துச் சாத்திக்கொள்கிறேன். அழாமல் சாத்தப் பழகினால் நேரமும் மிச்சம்.

ராசம்மாவுக்கு என் அன்பு. பிள்ளைகளின் தலையைத் தொட்டு என் ஆசீர்வாதத்தைக் கொடுங்கள், எண்ணெய் இல்லாத கை என்று சொல்லுங்கள். முருகன் உங்கள் வீட்டுக்கு நல்லதையே கொண்டுவரட்டும், தானாகச் சாத்துகிற எதையும் கொண்டுவராமல்.

இப்படிக்கு,
உங்கள் மதினி,
அம்மாக்கண்ணு

பின்குறிப்பு: நேற்று எழுதியதைத் தபாலில் போடவில்லை, அதனால் மேலே இருப்பதை நம்ப வேண்டாம். இன்று திங்கள். மருந்து ஐயா ஸ்டோரில் இருந்து மிஷின் எண்ணெய் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு வந்தார், "கடதாசிக்குப் பின்பக்கமும் இருக்கெண்டு நேற்றுத்தான் பாத்தனான்" என்றார். தேங்காயெண்ணெயை ஒத்தடம் கொடுத்தே வெளியே எடுத்தோம். புது எண்ணெய் ஊற்றி, முறுக்கைத் தளர்த்தி, சின்னத் திருகாணியை இந்தத் தடவை கொஞ்சமாகவே திருப்பினேன். பகல் முழுக்க ஒரு பிள்ளை விழிக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கதவுக்கும் ஒன்று வேண்டுமாம், நான் வந்து பொருத்தித் தர வேண்டுமாம், அதனால் ஆயுதப் பெட்டி என்னிடமே இருக்கட்டும். சாயந்திரம் கடைசிப் பிள்ளையும் போன பிறகு வெளியே வந்து லயத்தைப் பார்க்க நடந்தேன். கொஞ்சத் தூரம் போனதும் பின்னால் தொம்மென்று கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பழக்க தோசத்தில், அவர் எட்டி வந்து சேரட்டும் என்று நடையை மெதுவாக்கிவிட்டேன். மெதுவாகவே வந்ததில் லயத்துக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. மிஷின் இருக்கட்டும், தம்பி.