டெஸ்பாட்ச் மாமா போக்கர் கற்ற கதை

சென்னையைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் எங்கள் டெஸ்பாட்ச் மாமா மாதிரி பொய் சொல்லத் தெரியாத மனுஷர் கிடைக்க மாட்டார். லீவு லெட்டரிலேயே ‘கிரிக்கெட் மேட்ச் பார்க்க’ என்று எழுதியவர். தி.நகர் ஆபீஸில் தபால் அனுப்பும் சீட் அவருடையது. நிஜப் பெயர் எல்லாருக்கும் மறந்தே போயிற்று.

அப்பேர்ப்பட்டவர் ஒரு மத்தியானம் தயிர்சாத டப்பாவோடு எங்கள் போக்கர் கோஷ்டிக்கு வந்து, “எனக்கும் கத்துக்கொடுங்கோ” என்றார். எங்களுக்கு ஜெம் கிளிப்தான் பந்தயம். இரண்டு சீட்டைக் கையில் மறைத்துக்கொண்டு, நடுவில் விரிக்கிற ஐந்தோடு சேர்த்து யாருக்குப் பெரிசு என்று பார்க்கிற ஆட்டம். ஒன்றுமே இல்லாதவனும் இருக்கிற மாதிரி உட்கார்ந்து மற்றவனைப் பயமுறுத்தி ஜெயிக்கலாம்.

மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாண வீட்டு ரம்மி. முதல் ஆட்டத்திலேயே “டிக்ளேர்!” என்று கையைத் திறந்து பரப்பிவிட்டார். அடுத்ததில் ஏஸ் வந்தது. பக்தியோடு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பெரிசு என்று தெரிந்துபோய், அத்தனை பேரும் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கிவிட்டோம்.

“இன்னா மாமா, கையில கீறது சீட்டா, சாமி படமா?” என்றான் டிரைவர் செல்வம், சிந்தாதிரிப்பேட்டைக்காரன்.

“நல்லது வந்தா ஒத்திக்க வேண்டாமா?”

வயிறு வலிக்கச் சிரித்தோம். “இந்த வயசுல இது எதுக்கு மாமா?” என்று நான் கேட்டுத் தொலைத்தேன்.

“மாமிக்குப் புத்துநோய். முத்திடுத்துன்னு டாக்டர் எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கார். அவகிட்ட அல்சர்னு சொல்லி வெச்சிருக்கு. பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம். குழந்தையைப் பாக்கற வரைக்குமாவது அவ நிம்மதியா இருக்கட்டும். ஆத்துக்குள்ள நுழைஞ்சா என் மூஞ்சியைத்தான் பாக்கறா. நீங்கள்ளாம் மறைக்கறேளே, அதைச் சொல்லிக்கொடுங்கோ.”

செல்வம் சீட்டைக் கலைத்து மறுபடி போட்டான்.

அப்புறம் எங்கே விளையாட்டு? புருவம் துளி அசைந்தாலும் செல்வம், “மாமா, மூஞ்சி!” என்று அதட்டுவான். மூன்றாவது வாரம், ஒன்றுக்கும் உதவாத ரெண்டையும் ஏழையும் கையில் வைத்துக்கொண்டு மாமா மொத்தக் கிளிப்பையும் நடுவில் தள்ளினார். முகத்தில் ஒரு ரேகை அசையவில்லை. மூன்று ராஜா வைத்திருந்த நான் பயந்துபோய்க் கவிழ்த்தேன். ஜெயித்ததற்கு மாமா சிரிக்கக்கூட இல்லை. சாயங்காலம் வழக்கம்போல மயிலாப்பூர் வீட்டுக்கு பஸ் ஏறிப் போனார்.

பேத்தி பிறந்தாள். மாமி ஐம்பது நாள் மடியில் போட்டுக் கொஞ்சிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

துக்கத்துக்குப் போனோம். மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. “கல்நெஞ்சுக்காரர்” என்று யாரோ ஒரு உறவுக்காரர் முணுமுணுத்தார். கற்றுக்கொடுத்த பாவிகள் நாங்களல்லவா!

செல்வம் அவர் பக்கத்தில் போய்க் குந்தி, தோளில் கை வைத்தான். “ஆட்டம் முடிஞ்சிச்சு மாமா. இனிமே யார்கிட்டயும் மறைக்க வேணாம். அழுவு.”

மாமா குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.