தடை சொன்ன ஸ்பூன் உபதேசியார்

அடுத்தவனைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு தொல்லை கொடுக்க முடியுமோ, அவ்வளவையும் கொடுத்தவர் எங்கள் ஸ்பூன் உபதேசியார். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறிக் கல்வராயன் மலை உச்சியில் இறங்கும்வரை விசாரித்துப் பாருங்கள். அவரிடம் தப்பித்தவர் யாராவது இருந்தால், அவர் அன்றைக்கு ஊரில் இல்லாதவராக இருப்பார்.

வடக்கனந்தலில் எங்களுடையது இருபது வீட்டுக் கோயில். போதகர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது உபதேசியார். அவருக்கும் ஞானஸ்நானப் பெயர் என்று ஒன்று இருந்தது. யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. காரணம், அவருடைய ஜோல்னாப் பைதான். அதில் வேதப்புத்தகத்தோடு நாலு ஸ்பூனும் நாலு எலுமிச்சம்பழமும் எப்போதும் இருக்கும். நாம் ஆமென் சொன்ன வாயை மூடுவதற்குள் ஸ்பூனை எடுத்து நீட்டிவிடுவார். காம்பை வாயில் கவ்விக்கொண்டு, பழத்தை அதில் வைத்து, கீழே விழாமல் ஓட வேண்டும். புதுவீட்டு ஜெபமானாலும் சரி, பிறந்தநாள் ஜெபமானாலும் சரி, ஓட்டம் உண்டு.

"கிறிஸ்தவன்னா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு இருக்கணும்னு எவன்டா சொன்னான்? மேல இருக்கறவரு நம்மள சந்தோசமா இருக்கச் சொல்லித்தான் அனுப்பிக்கிறாரு" என்பார்.

ஒரு வீட்டில் பெரியவர் இறந்து நாற்பதாம் நாள் ஜெபம். அங்கேயாவது சும்மா இருப்பார் என்று நினைத்தோம். ஜெபம் முடிந்ததும் அவர் மனைவி பெரியம்மாவிடமே ஸ்பூனை நீட்டினார்.

"நாப்பது நாள் அழுதாச்சி பெரிம்மா. அவரு மேலருந்து பாத்துக்கினு இருக்காரு. ஓடு."

அடி விழப்போகிறது என்று நான் செருப்பைத் தேடினேன். பெரியம்மா கண்ணைத் துடைத்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். இரண்டு மருமகள்களையும் பின்னால் விட்டுவிட்டு ஜெயித்தாள். அதற்குப் பிறகு அவரைக் கண்டிக்க எங்களுக்கு வழியே இல்லாமல் போயிற்று.

நான் எட்டாவதோடு நின்றவன். தையற்கடையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். யாராவது "தாவீது" என்று கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாலே எனக்குக் காது சுடும். குனிந்த தலை நிமிராமல் செய்கிற வேலை என்பதால்தான் காஜா வேலையே எனக்குப் பிடித்தது. ஊரில் அத்தனை பேர் இருக்க, உபதேசியார் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "உன்னச் சிரிக்க வெக்காம நான் சாவ மாட்டேன்டா" என்று சபதம் வேறு.

ஒருமுறை மலைமேல் ஒரு வீட்டு ஜெபத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். திரும்பும்போது பஸ் நிற்குமிடம் இறக்கத்தில் இருந்தது. சும்மா இறங்கினால் என்ன? இருவர் வாயிலும் ஸ்பூன். பாதி வழியில் அவருடைய பழம் உருண்டு சாமைக் கொல்லைக்குள் ஓடியது. அவரும் அதன் பின்னால் ஓடினார். கொல்லைக்காரப் பெரியவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, நேர்த்திக்கடனா?"

என் வாயில் ஸ்பூன் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். பெரியவர் பயபக்தியோடு ஒதுங்கி வழிவிட்டார். பழம் கிடைத்தது. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் நாலு மணி நேரம் கழித்து. அந்த நாலு மணி நேரமும் உபதேசியார் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கொசு அடித்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் கல்யாணத்தில் கை வைத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

எனக்கு நைனார்பாளையத்தில் பெண் அமைந்தது. பெயர் எஸ்தர். அதற்கு முன் இரண்டு இடங்களில், பையன் வாயே திறக்கவில்லை என்று தட்டிப்போயிருந்தது. எஸ்தருடைய அப்பா ஆசீர்வாதம் மாமா அந்த ஊர்ச் சபைக்கு மூப்பர். ஞாயிற்றுக்கிழமை சிரித்தால் பாவம் என்று நம்புகிறவர். மற்ற ஆறு நாட்களிலும் அவர் சிரித்ததாகத் தகவல் இல்லை. "பேசாத பையன்தான் வேணும்" என்று அவராகவே என்னைத் தேர்ந்தெடுத்தார். கல்யாணம் திங்கட்கிழமை எங்கள் கோயிலில். புதன்கிழமை தவக்காலம் ஆரம்பம். பிறகு ஈஸ்டர் முடியும்வரை எங்களில் கல்யாணம் கிடையாது. தள்ளிப்போனால் போச்சு. திருநாவலூரிலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை வேறு கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, மணமக்கள் பெயரைக் கோயிலில் வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார்கள். ஓலை படிப்பது என்று சொல்வோம். மூன்றாவது ஓலை, கல்யாணத்துக்கு முந்தின நாள். பெண் வீட்டார் வந்து இறங்கி, கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

உபதேசியார் படித்தார். "தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்" என்று நிறுத்தினார். சுற்றிப் பார்த்தார். பிறகு தன் கையையே தூக்கினார்.

"எனக்கு ஒண்ணு தெரியும். மூணு வாரமா இவன் பேரப் படிக்கிறேன். ஒருவாட்டியாவது பல்லக் காட்டனானா? சிரிக்காதவனுக்குக் கண்ணாலம் எதுக்கு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசீர்வாதம் மாமா எழுந்து நின்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

"தடைன்னு சபைல சொல்லிட்டீங்க உபதேசியாரே. ஏட்டுல எழுதுங்க."

"ஐயோ, வெளையாட்டுக்குச் சொன்னங்க."

"ஓலை படிக்கறப்ப வெளையாட்டு ஏது? போதகர் ஐயா விசாரிச்சி, மேலிடத்துக்கு எழுதி, பதில் வரட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

பதில் வருவதற்குள் எஸ்தர் வாத்தியார் மனைவியாகியிருப்பாள். உபதேசியார் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு காணாமல் போனதைப் பார்த்தேன். "நானே வாபஸ் வாங்கிக்கிறங்க" என்று கையைப் பிசைந்தார்.

"வாயால வாங்கனா ஆச்சா? தடை நீங்கணும். பையன் சிரிக்கல, அதான தடை? சபைக்கு முன்னால சிரிக்கட்டும். நீங்கிச்சின்னு எழுதிக்கலாம்" என்றார் மாமா, தீர்ப்புச் சொல்கிற முகத்தோடு.

என்னை எழுப்பி முன்னால் நிறுத்தினார்கள். இருபது வீட்டு ஜனமும், வந்திருந்த சம்பந்தி ஜனமும் என் வாயையே பார்த்தன. அடுத்த நாள் கல்யாணம் நடப்பது என் பல்லில் இருந்தது. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"கொட்டாவி வுடறான்பா" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

கண்ணில் தண்ணீர்தான் வந்தது. உபதேசியார் அவசரமாகப் பையைத் துழாவினார். வேறு என்ன வரும்? ஸ்பூன்தான். தானே கவ்விக்கொண்டு, பழத்தை வைத்து, எனக்கு முன்னால் நடந்து காட்டினார். அவருக்கே இப்போது பயம். இரண்டு அடிதான், பழம் விழுந்து, பெண்கள் பக்கம் உருண்டு, எஸ்தர் காலடியில் நின்றது.

எஸ்தர் அதை எடுத்தாள். அப்பாவைப் பார்த்தாள். முந்தானையில் பழத்தைத் துடைத்தாள். எழுந்து வந்து, சற்றும் சிரிக்காமல், உபதேசியார் வாயிலிருந்த ஸ்பூனில் வைத்தாள்.

"பாத்து நடங்க உபதேசியாரே. நாளைக்கி எனக்குக் கண்ணாலம் கீது."

எனக்குள் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. குபீரென்று வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. உபதேசியார் ஸ்பூனோடு சிரித்ததில் பழம் மறுபடி உருண்டது.

"போதும், போதும். ஞாயித்துக்கெழம இவ்ளோ ஆவாது. நீங்கிச்சின்னு எழுதுங்க" என்றார் ஆசீர்வாதம் மாமா. அதைச் சொல்லும்போது மேல்துண்டால் வாயை ஏன் மூடிக்கொண்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை தாலி கட்டிய ஈரம் காய்வதற்குள் இருவருக்கும் ஸ்பூன் கொடுத்து ஓடவிட்டார். பட்டு வேட்டி தடுக்கி விழுந்தேன். எஸ்தர் ஜெயித்தாள்.

உபதேசியார் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. வேறு ஆள் கிடைக்காததால் இப்போதெல்லாம் ஓலை படிப்பது நான்தான். குனிந்த தலையோடு பெயர்களைப் படித்துவிடுவேன். தடை உண்டா என்று கேட்டதும் மட்டும் தலையை நிமிர்த்தி, அவர் ஸ்பூனோடு நடந்த இடத்தைப் பார்த்து, வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் காத்திருப்பேன். யாரும் கையைத் தூக்குவதில்லை.